சிறை வாசலில் ஒரு துளி ரத்தம்

உத்தரகோசமங்கை காவல் நிலைய எல்லையில் ஒருவர் கைது செய்யப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறைக்குள் செல்லும்முன் அவர் கடக்க வேண்டிய வழி நீண்டதன்று. அரசு மருத்துவமனையில் ஒரு பரிசோதனை, நீதித்துறை நடுவர் முன்பு ஆஜர், நீதிமன்றக் காவலுக்கான உத்தரவு, அதன்பின் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ராமநாதபுரம் மாவட்டச் சிறையின் வாசல். பெரும்பாலும் ஒரே நாளில் இவ்வளவும் முடிந்துவிடும்.

இந்த வழியில் அவரை முதலில் பார்க்கும் மருத்துவர் தேடுவது காயங்களை. கைதானவரைக் காவலர்கள் அடித்தார்களா, அவர் உடலில் என்னென்ன தழும்புகள் உள்ளன என்பதைப் பதிவு செய்வதே அந்தப் பரிசோதனையின் நோக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. கைதிக்கு இது தேவையான பாதுகாப்பு, ஐயமில்லை. ஆனால், ரத்தத்தில் மறைந்திருக்கும் தொற்றைக் கண்டறிவது இதன் வேலை இல்லை. அந்தப் பொறுப்பு சிறை வாசலைத் தாண்டியபின் நடக்கும் சேர்க்கைப் பரிசோதனைக்கு உரியது. அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது, அதன் முடிவு யாருக்குப் போகிறது, அதன்பின் என்ன செய்யப்படுகிறது என்பவை சிறைத் துறையின் உள்விவகாரங்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவை ஊரின் பொதுச் சுகாதாரம் சார்ந்த கேள்விகள்.

மூன்று கிருமிகள்

ரத்தத்தின் வழியே பரவும் தொற்றுகளில் முதன்மையானவை மூன்று: எச்ஐவி, ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி. மூன்றும் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கக்கூடியவை. மூன்றும் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் பரவும். எச்ஐவியும் ஹெபடைடிஸ்-பியும் பாதுகாப்பற்ற உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகின்றன. கூடச் சாப்பிடுவதாலோ, ஒரே அறையில் உறங்குவதாலோ, கைகுலுக்குவதாலோ இவற்றில் எதுவும் பரவாது.

ஆனால் மூன்றின் வேகமும் ஒன்றில்லை. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி மற்றொருவரைக் குத்திவிட்டால், எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ்-சிக்கு அது ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ்-பி தொற்றும் வாய்ப்போ 30 சதவீதம் வரை செல்லும். உலர்ந்த ரத்தத்தில்கூட ஹெபடைடிஸ்-பி கிருமி குறைந்தது 7 நாள்கள் உயிர்ப்புடன் இருக்கும். சவரக்கத்தி, பச்சை குத்தும் ஊசி, பிறருடைய பல்துலக்கி ஆகியவை இங்கே ஆபத்தாவது இதனால்தான். பலர் நெருக்கமாக வாழும், சொந்தப் பொருள் என்று அதிகம் வைத்துக்கொள்ள முடியாத சிறையில் இந்த ஆபத்து கூடுகிறது.

மருத்துவம் இன்று இந்த மூன்றுக்கும் விடை வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ்-பியைத் தடுப்பூசியால் தடுக்கலாம். தொற்றியபின் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். ஹெபடைடிஸ்-சிக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலோருக்கு 12 வாரங்கள் மாத்திரை கொடுத்தால், நூற்றில் 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறார்கள். எச்ஐவி உள்ளவர் கூட்டு மருந்தை நாள்தோறும் உட்கொண்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவாது. எச்ஐவி மருந்து அரசு மையங்களில் 2004 முதல் இலவசம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பி, சி இரண்டுக்குமான பரிசோதனையும் மருந்தும் இலவசமே.

இங்கே நம் வீடுகளில் நிலவும் ஒரு நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, கண் வெளுத்ததும் நோய் போய்விட்டது என்று ஆறுதல் கொள்கிறோம். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர் எஸ்.பி.தியாகராஜன், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் இணைந்து, கீழாநெல்லி குறித்த நம்பிக்கையூட்டும் ஆய்வு முடிவை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. கண்ணில் மஞ்சள் மறைவதும் ரத்தத்திலிருந்து கிருமி மறைவதும் வெவ்வேறு. ரத்தப் பரிசோதனை ஒன்றே அதைச் சொல்லும்.

எண்கள் சொல்வது

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் ஹெபடைடிஸ்-பியுடனும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ்-சியுடனும் வாழ்கிறார்கள். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி நாடு முழுவதும் சேர்க்கப்பட்டது 2011இல்தான். ஆகவே, இன்று காவல் நிலையங்களுக்கும் சிறைகளுக்கும் கொண்டுசெல்லப்படும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தடுப்பூசியைக் குழந்தைப் பருவத்தில் பெறாத தலைமுறையினர்.

எச்ஐவி நிலவரம் இன்னும் கூர்மையானது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கண்காணிப்பில், மத்திய சிறைகளில் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. நாட்டின் வயதுவந்தோரிடையே அது சுமார் 0.2 சதவீதம். சிறைக்குள் பத்து மடங்கு அதிகம். 2023 ஏப்ரலில் உத்தராகண்டின் ஹல்துவானி சிறையில் 44 பேருக்கு எச்ஐவி இருப்பது செய்தியானது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லக்னோ சிறையில் அந்த எண்ணிக்கை 63 என்று செய்தி வந்தது. சிறைக்கு வரும் முன்பே, போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் அவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது என்று அங்குள்ள நிர்வாகம் விளக்கம் அளித்தது.

அந்த விளக்கத்தில் உண்மை இருக்கலாம். சிறைக்குள் கொண்டுவரப்படுவோரில் வறியவர்கள் மிகுதி. மருத்துவமனையை எட்டாதவர்களும், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களும் மிகுதி. தமிழ்நாட்டிலும் வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடையே பரவியிருப்பதை அண்மை ஆண்டுகளின் கைதுச் செய்திகள் காட்டுகின்றன. ஆனால் ‘வெளியிலிருந்து கொண்டுவந்தார்’ என்று சொல்வதோடு சிறையின் பொறுப்பு முடிந்துவிடுமா? வரும்போதே கண்டறிந்தால், அது சிகிச்சையின் தொடக்கம். கண்டறியாமல் விட்டால் என்ன நேரும் என்பதை ஸ்காட்லாந்தின் கிளெனோகில் சிறை 1993இல் காட்டியது. அங்கே சில மாதங்களுக்குள், பகிர்ந்த ஊசிகளால் பத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகளுக்குச் சிறைக்குள்ளேயே எச்ஐவி பரவியது.

சென்னை கற்றுக்கொடுத்த பாடம்

காவலில் இருப்பவர்களின் ரத்தத்தைப் பரிசோதிப்பதில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரியவந்ததே அப்படித்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டுச் சென்னை அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். 1986 பிப்ரவரியில் அவை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. பின்னர் அமெரிக்க ஆய்வகமும் அதை உறுதிசெய்தது. எய்ட்ஸ் மேலைநாட்டு நோய் என்று நாடு நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆறு மாதிரிகள் நாட்டை விழிக்கச் செய்தன. இந்தியாவின் எய்ட்ஸ் தடுப்புப் பணி அங்கிருந்துதான் தொடங்கியது.

இது அந்த வரலாற்றின் ஒரு பக்கம். எந்த நோய்க்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை என்பதை நிர்மலாவே பிற்காலப் பேட்டியில் குறிப்பிட்டிருக்கிறார். அன்றைய சட்டம் அதைக் கோரவும் இல்லை. அதைவிடக் கொடியது பின்னர் நடந்தது. தொற்று கண்டறியப்பட்ட பெண்கள் சிலர், தண்டனைக் காலம் முடிந்தபின்பும் விடுவிக்கப்படாமல் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் இதை வெளிக்கொணர்ந்து நீதிமன்றத்தை நாடினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 1990இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1989இல், கோவாவில் ரத்ததானம் செய்த டொமினிக் டிசோசா என்ற இளைஞர், அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் 64 நாள்கள் தனிமைக் காவலில் வைக்கப்பட்டார்.

நோயைக் கண்டறியும் பரிசோதனை, சிகிச்சைக்கு வழிகாட்டாமல் பூட்டுக்கு வழிகாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இவை சான்றுகள். சிறை வாசலில் ரத்தப் பரிசோதனையைப் பேசும் எவரும் இந்த இரு பக்கங்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இன்றைய சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல் எவருக்கும் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. முடிவை ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது. அரசின் பராமரிப்பிலோ காவலிலோ உள்ள ஒவ்வொருவரும் எச்ஐவி தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றைப் பெறும் உரிமை உடையவர் என்று அதன் 31ஆவது பிரிவு சொல்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் பல ஆண்டுகளுக்கு முன்பே அனுப்பிய சேர்க்கைப் பரிசோதனைப் படிவத்தில் ஹெபடைடிஸ், எச்ஐவி பரிசோதனைகள் இடம்பெற்றன. சட்டப்படி தேவையான இடத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்ற குறிப்புடன்தான் அவை சேர்க்கப்பட்டிருந்தன. 2015இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளியே கிடைக்கும் அதே தரத்திலான மருத்துவம் சிறைவாசிக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கின்றன. விடுதலைக்குப் பின்னும் சிகிச்சை தொடர வழிசெய்ய வேண்டும் என்கின்றன. ராமமூர்த்தி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் பட்டியலிட்ட ஒன்பது சிறைக் குறைபாடுகளில், சுகாதாரப் புறக்கணிப்பும் ஒன்று.

ஆக, ‘எல்லோருக்கும் கட்டாயப் பரிசோதனை’ என்பது சட்டத்துக்குப் பொருந்தாது. ‘யாருக்கும் வேண்டாம்’ என்பது மனிதநேயத்துக்குப் பொருந்தாது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி, பரிசோதனையை முன்வைத்து, மறுக்கும் உரிமையையும் அவரிடமே விடுவதுதான் சரியான வழி. தனி அறையில், நிதானமாக, மரியாதையோடு பேசினால் பெரும்பாலோர் மறுப்பதில்லை என்பதே அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்கள் தரும் அனுபவம்.

உண்மையான இடர்: நாள்கணக்கு

ஆனால் பரிசோதனையோடு சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு அவர்கள் உள்ளே எத்தனை நாள் இருப்பார்கள் என்பது தெரியாது. சிலர் பதினைந்து நாளில் பிணையில் வந்துவிடுவார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். மாவட்டச் சிறையிலிருந்து மதுரை மத்திய சிறைக்கு மாற்றப்படுவோரும் உண்டு.

சிகிச்சையோ நாள் எண்ணி நடப்பது. ஹெபடைடிஸ்-சிக்கு 12 வாரங்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசிக்கு வழக்கமான முறையில் 6 மாதங்கள். எச்ஐவி மருந்துக்கு வாழ்நாள். பரிசோதனையின் முடிவு வரும்முன் பிணை வந்துவிட்டால், தனக்குத் தொற்று உண்டா இல்லையா என்பதே தெரியாமல் அவர் வீடு திரும்புகிறார். முடிவு வந்து, மருந்து தொடங்கி, பாதியில் வெளியே வந்தாலும் கதை அதுவே: மருந்து சிறையில், மனிதர் ஊரில்.

எதிர்த்திசையிலும் இந்த இடைவெளி உண்டு. ஏற்கெனவே கூட்டு மருந்து எடுத்துவரும் ஒருவர் கைது செய்யப்படும் இரவில் அவருடைய மாத்திரைப் புட்டி வீட்டில் இருக்கிறது. காவலர் முன்னிலையில் ‘எனக்கு அந்த மாத்திரை வேண்டும்’ என்று கேட்க அவருக்குத் துணிவு வராது. நாள்கள் விடுபடுகின்றன. அடிக்கடி விட்டுவிட்டு உட்கொள்ளும்போது கிருமி மருந்துக்குப் பணியாததாக மாறக்கூடும். ஹெபடைடிஸ்-பியும் சேர்ந்து இருப்பவருக்குத் திடீர் நிறுத்தம் கல்லீரலையே தாக்கக்கூடும்.

கடலைத் தாண்டிய சிறைகள்

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கடற்கரை ஊர்களுக்குச் சிறை என்பது இந்தப் பக்கம் மட்டும் இருப்பதன்று. எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பு வெலிக்கடையிலும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அடைபட்டுத் திரும்புகிறார்கள். 2024 செப்டம்பரில் சில மீனவர்கள் மொட்டையடிக்கப்பட்ட தலையுடன் திரும்பியபோது தமிழகம் கொதித்தது. அது மானத்தின் மீது விழுந்த அடி என்பதில் இரு கருத்தில்லை. அந்த விவாதத்தில் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியும் இருந்தது: ஒருவர் தலையில் ஓடிய கத்தி அடுத்தவர் தலைக்குப் போகும்முன் மாற்றப்பட்டதா?

இதைக் கேட்பதன் பொருள், திரும்பி வரும் மீனவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதன்று. கரை சேர்ந்தவர்களுக்கு மாலையும் நிவாரணமும் தருவதுபோல, விரும்பினால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரகசியமாக ஒரு ரத்தப் பரிசோதனையும், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் தரப்பட வேண்டும் என்பதே. படகை மீட்கப் போராடும் குடும்பத்துக்குத் தலைவரின் கல்லீரலைப் பற்றி நினைக்க நேரமிருக்காது. அரசுக்கு இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் புதிய சட்டமோ பெருந்தொகையோ தேவையில்லை. உள்ளே வந்த முதல் சில நாள்களிலேயே, எல்லோருக்கும் மூன்று தொற்றுகளுக்கும் சேர்த்து ஒரே முறையில் பரிசோதனை முன்வைக்கப்பட வேண்டும். அன்றே ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் முதல் தவணையையும் போடலாம். 0, 7, 21 ஆகிய நாள்களில் மூன்று தவணைகளும் ஓராண்டில் ஊக்கத் தவணையும் போடும் விரைவு முறை, குறுகிய காலச் சிறைவாசிகளுக்கென்றே வேறு நாடுகளில் கையாளப்படுகிறது. அன்றாடம் சோதனையிலும் கைகலப்பைத் தடுப்பதிலும் ஈடுபடும் சிறைக் காவலர்களுக்கும் அதே தடுப்பூசி தேவை.

கைது செய்யப்படுபவர் அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஏதேனும் உண்டா என்பதை, நோயின் பெயரைக் காவலர் கேட்காமலே, மருத்துவர் தனியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தார் கொண்டுவரும் மாத்திரை அன்றிரவே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். விடுதலையாகும்போது, உடைமைகளைத் திருப்பித் தருவதுபோல, பரிசோதனை முடிவையும், சில வாரங்களுக்கான மருந்தையும், ஊருக்கு அருகில் உள்ள சிகிச்சை மையத்தின் முகவரியையும் மூடிய உறையில் தர வேண்டும். தொற்றுள்ளவர்களின் பட்டியல் மருத்துவரின் மேசையைத் தாண்டக் கூடாது. தனி அறை, தனித் தட்டு, தனி அடையாளம் எதுவும் கூடாது. சவரத்துக்கு ஒருவருக்கு ஒரு பிளேடு என்பதில் சிக்கனம் பார்க்கலாகாது.

இவற்றால் பலன் உண்டா என்ற ஐயத்துக்கு ஆஸ்திரேலியா விடை தந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நான்கு சிறைகளில் ஹெபடைடிஸ்-சி உள்ள அனைவருக்கும் தாராளமாக மருந்து வழங்கியபோது, அங்கே புதிதாகத் தொற்று ஏற்படும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2021இல் வெளியான ஆய்வு இது. உள்ளே ஒருவர் குணமாவது, அவருக்கு அடுத்த பாயில் படுப்பவருக்குக் காவல். நாளை அவர் திரும்பிச் செல்லும் வீட்டுக்கும் காவல்.

சிறைக்குச் செல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பி வருகிறார்கள். அவர்களில் பலர் குற்றவாளிகள் என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சொல்லப்பட்டாலும், நீதிமன்றம் விதிப்பது சுதந்திர இழப்பை மட்டுமே. நோயை எவருக்கும் எந்த நீதிபதியும் தண்டனையாக விதிப்பதில்லை. 1986இல், காவலில் இருந்த பெண்களின் ரத்தம் ஒரு நாட்டின் உயிரைக் காக்க உதவியது. அந்தப் பெண்களுக்கு நாடு திருப்பிக் கொடுத்தது பூட்டிய கதவு. இன்று சிறை வாசலில் ஒருவர் கையை நீட்டி ரத்தம் தரும்போது, அவருக்குத் திரும்பக் கிடைப்பது மருந்தாக இருக்கட்டும். அந்தக் கடன் தமிழ்நாட்டுக்கு மற்றெவரையும்விட அதிகம்.